சுவரில் இருப்பது உங்கள் அம்மா இல்லை

சின்னவளே, போன மாதம் பக்கத்துக் குடித்தனத்து அத்தையோடு கொட்டகைக்குப் போய் அந்தப் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாய். நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மூச்சிரைக்க நின்றுகொண்டு கேட்டாய்:

"நைனா, அம்மா சினிமாவுல நடிச்சாங்களா? ஏன் எங்கிட்ட நீ சொல்லவே இல்ல?"

ஊசியைப் பார்த்துக்கொண்டே "உம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ கையைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாய். அந்த ஒரு "உம்" எவ்வளவு பெரிய பொய் என்று உனக்கும் உன் அக்காவுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டிப் பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் பூ வைத்துக் கும்பிடுகிறீர்களே, அந்தப் படத்தை வரைந்தவன் நான். அதில் இருப்பது உங்கள் அம்மா முகம் இல்லை. நீ கொட்டகையில் பார்த்தாயே, அந்த நடிகையின் முகம். அது எப்படி நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் துறைமுகத்துக் கிடங்கில் அப்போதும் இதே வேலைதான் பார்த்தேன். கப்பலில் ஏறும் பெட்டிக்கும் மூட்டைக்கும் மார்க் போடும் வேலை. எந்தக் கம்பெனி சரக்கு, எந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்கவேண்டும் என்று தெரிய எழுத்தும் அடையாளமும் போடுவது. துத்தநாகத் தகட்டில் அந்த எழுத்தை வெட்டி எடுத்து, தகட்டை மூட்டை மேல் அழுத்தி, கறுப்பு மையில் தோய்த்த குச்சிப் பிரஷால் தட்டவேண்டும். வெட்டின இடத்தில் மை இறங்கும், மற்ற இடம் அப்படியே நிற்கும். புதிதாக வந்தவன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டுவான். ஐந்து வருஷம் ஆனவனுக்குப் பார்க்கவே வேண்டாம். கை தானாகப் போகும். அப்படிப் போகிற கைக்குத்தான் எங்கள் கிடங்கில் மதிப்பு.

நீ பார்த்த படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. அதை நான் சினிமாவாக வருவதற்கு முன்பே படித்திருந்தேன். எனக்கு முந்தைய தலைமுறைக்காரர் எழுதிய நாவல். யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த கட்டு, கை மாறி மாறி எங்கள் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முகத்துவாரக்குப்பத்தில் பிறந்து, வலை உலர்த்தி, கருவாடு புரட்டி வளர்ந்தவள். நான் வேலை விட்டு வந்ததும் அவள் மீன் கழுவிக்கொண்டிருக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். மற்றக் குடித்தனத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் தபால் மூட்டை சுமந்து ஓடுகிற ஒருவன், அவனுடைய மனைவி, அவர்களைப் பிரிக்கப் பார்க்கிற கணக்குப்பிள்ளை, குறி சொல்லுகிற ஒரு பெண்பிள்ளை, இவர்களைச் சுற்றித்தான் கதை. தபால்காரன் ஒருநாள் திரும்பி வரவில்லை. மனைவி கடைசி வரை மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கடலுக்குப் போனவர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு அந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கடைசி அத்தியாயத்தன்று யார் வீட்டிலும் சோறு பொங்கவில்லை.

பிறகு அது படமாக வந்தது. எங்கள் காம்பவுண்டே திரண்டு போனோம். பெண்கள் எல்லாரும் தரை டிக்கெட்டில் முன்னால் போய் உட்கார்ந்து அழுத அழுகையில், பாட்டுப் புத்தகம் விற்கிறவன் வந்து, "ஏம்மா, சாவு வூட்டுக்கா வந்துகீறீங்க?" என்று கேட்டான். திரும்பி வரும்போது உங்கள் அம்மா மட்டும் உர்ரென்று நடந்தாள்.

"இன்னா ஆச்சு? படம் புடிக்கலியா?"

"கதையில அவ கருப்புன்னு நீதான படிச்ச? கருப்பு, பல்லு மேல பல்லு, ஆனா சிரிச்சா ஊரே பாக்கும்னு?"

"ஆமா."

"இவ சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாரி கீறா. பல்லு சோழி கணக்கா வரிசையா கீது."

"சினிமாவுல அப்டித்தான் போடுவாங்க."

"அப்ப கருப்பா பொறந்தவளுக்கு அவ கதையிலயே எடம் இல்ல, அப்டித்தான?"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடிக்கொள்வாள். அவளுக்கும் ஒரு பல் மற்றொன்றின் மேல் ஏறியிருந்தது.

எனக்குப் படம் வெறியாகப் பிடித்துவிட்டது. ஏழு தடவை பார்த்தேன். பெட்டிக்குள் வைத்து வரும் பழுப்புத் தாளில், கிடங்கு மையையே தண்ணீர் விட்டு இளக்கி, அந்த மனிதர்களை வரைய ஆரம்பித்தேன். முதலில் கணக்குப்பிள்ளை. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேனாவைக் காதில் செருகியபடி. அதைப் பார்த்து எதிர்க்குடித்தனத்து மீன்காரம்மா கூவினாள்:

"ஐயே, இது நம்மகிட்ட வாடகை வாங்க வர்றாரே, அவரு இல்ல? மூஞ்சியப் பாரு, இப்பவே கதவ தட்டுவாரு போலகீது!"

குறிகாரியை வரைந்தேன். தபால்காரனை ஓடுகிற மாதிரி வரைந்தேன். கால் சரியாக வரவில்லை. நொண்டுகிறான் என்றார்கள். ஆனால் அவன் மனைவியை வரைந்தபோது யாரும் கேலி செய்யவில்லை. பாட்டுப் புத்தகத்து அட்டையில் இருந்த முகத்தையும் திரையில் பார்த்ததையும் சேர்த்து வரைந்தேன். நெற்றியில் இடது பக்கம் ஒரு சுருள் முடி, கொஞ்சம் மேலே பார்க்கிற கண், நீண்ட மூக்கு. "எனக்கு ஒண்ணு குடு நைனா" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொன்றாக வரைய முடியுமா? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தகட்டில் அவள் முகத்தை வெட்டினேன்.

தகட்டில் முகம் வெட்டுவது எழுத்து வெட்டுகிற மாதிரி இல்லை. கறுப்பாக வரவேண்டியதை மட்டும்தான் வெட்டமுடியும். முடி, புருவம், கண், மூக்குக்குக் கீழே ஒரு கோடு, உதடு. கன்னம் என்பது தாளில் மை படாத இடம், அவ்வளவுதான். முதல் தகடு கோணிவிட்டது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது அமைந்தது. அதை வைத்துத் தட்டித் தட்டி முப்பது நாற்பது போட்டிருப்பேன். எங்கள் காம்பவுண்டில் அவள் இல்லாத சுவர் இல்லை. புளியந்தோப்பிலிருந்துகூடக் கிடங்குக் கூலிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். தகடு தேய்ந்த பிறகு தகடே எனக்கு வேண்டியிருக்கவில்லை. பேசிக்கொண்டே கையால் போட்டுவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. பெரிய ஓவியன் ஆகிவிட்டதாக நினைப்பு.

ஒருநாள் உங்கள் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். பெரியவளே, நீ அவள் மடியில் இருந்தாய்.

"என்ன ஒரு தபா வரையேன்யா."

"உன்ன எதுக்கு? தினம் பாத்துகினுதான கீறேன்."

"அவள மட்டும் ஏழு வாட்டி துட்டு குடுத்துப் பாத்துட்டு வந்து வரைஞ்ச? நான் சும்மா வந்து குந்திகினுகீறேன், வரைய மாட்டியா?"

"தாளு தீந்துபூட்ச்சி. அப்பால பாக்கலாம்."

தாள் தீரவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு சுருள் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். வேறு எதுவும் இல்லை. அவள் முகம் எங்கே போய்விடப்போகிறது என்ற நினைப்புதான்.

அவள் விடவில்லை. சில மாதம் கழித்து மறுபடியும் கேட்டாள். அப்போது நீ அவள் வயிற்றில் இருந்தாய், சின்னவளே. நான் சரி என்று பிரஷைக்கூட எடுத்துவிட்டேன். எதிர்க்குடித்தனத்து மீன்காரம்மா ஓடிவந்து தடுத்தாள்.

"வவுத்துப் புள்ளக்காரிய படம் எழுதாத நைனா. ஆயுசு பூடும். பெத்துப் பொழைக்கட்டும், அப்பால எழுதிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் இருந்த பயம். கல்யாணத்தன்றுகூட நாங்கள் போட்டோ எடுக்கவில்லை. போட்டோப் பெட்டி ஆளின் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். இது வெறும் பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிரஷை வைத்துவிட்டேன். உங்கள் அம்மா எழுந்து போகும்போது, "எனுக்குன்னு வந்தா எல்லாத்துக்கும் ஒரு சாக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உலைக்கு அரிசி களையப் போகிற மாதிரிதான் போனாள்.

பிரசவ வலி விடியற்காலை கண்டது. ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ பன்னிரண்டு மணி வாக்கில் பிறந்தாய். பெண் என்று வந்து சொன்னார்கள், நான் சிரித்தேன். ரத்தம் நிற்கவில்லை என்று மூன்று மணிக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மூலக்கொத்தளம் இடுகாட்டில்தான் அவளை வைத்தோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு படம் வைத்து மாலை போடவேண்டும். படம் எங்கே? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மீன்காரம்மா அழுதுகொண்டே, "ஊர்ல கீற சினிமாக்காரங்கள எல்லாம் வரைஞ்சியே நைனா, உன் பொண்டாட்டிய வரைய மாட்டியா?" என்றாள். தடுத்தவளே சொன்னாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளும் மறந்துவிட்டிருந்தாள்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் உட்கார்ந்தேன். தாளை விரித்தேன். நெற்றியை ஆரம்பித்தேன். கறுப்பு முகம் வேண்டும் என்று கன்னத்தில் மையை இளக்கிப் பூசினேன். கரி பூசின மாதிரி அசிங்கமாக ஆகிவிட்டது. கிழித்தேன். இரண்டாவது தாளில் கன்னத்தை வெறும் தாளாக விட்டேன். அழுதுகொண்டே வரைந்தேனா, நிறுத்திவிட்டு வரைந்தேனா, நினைவில்லை. கை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அது போவது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. முடித்து நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் இடது பக்கம் ஒரு சுருள் முடி.

உங்கள் அம்மா எண்ணெய் வைத்து வழித்து வாரி முடிவாள். ஒரு மயிர் நெற்றியில் விழாது.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண் அவளுடையது இல்லை. மூக்கு இல்லை. உதடு இல்லை. தகட்டை வைக்காமலே தகட்டில் இருந்ததைப் போட்டிருந்தேன். கிழிக்கக் கை தூக்கினேன். பெரியவளே, நாலு வயசு உனக்கு. கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். ஓடிவந்து தாளில் கையை வைத்து "அம்மா" என்றாய். மை காயவில்லை. உன் கையெல்லாம் கறுப்பு. காம்பவுண்டில் எல்லாரும் வந்து பார்த்து, "அப்டியே கீது, பேசறாப்ல கீது" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த முகம்தான் அவர்கள் எல்லார் சுவரிலும் இருந்தது. தினம் பார்த்துப் பார்த்துப் பழகின முகம் பிடிக்காமல் போகுமா?

முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்திருந்த உங்கள் பெரியம்மா மட்டும், அம்மாவின் அக்கா, ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என் தங்கச்சி மூக்கு இது இல்லியே தம்பி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் காரியம். வேறு வரைய நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஊருக்குப் போகும்போது தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். அதே மாதிரி ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் போகட்டும், மனசு ஆறட்டும், சரியாக வரைந்து மாற்றிவிடலாம் என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்தபோது அந்த முகமே வந்தது. ஒரு வருஷம் கழித்தும் அதுவே வந்தது. பிறகு, கையில் மட்டும் இல்லை, கண்ணை மூடினாலும் அவளே வந்தாள். உங்கள் அம்மா என்னைக் கூப்பிடுகிற குரல் கேட்கும், திரும்பினால் சினிமாக்காரி நிற்பாள். குதிகால் வெடிப்பு நினைவிருக்கிறது. மீனை ஜோடி ஜோடியாக எண்ணுகிற வேகம் நினைவிருக்கிறது. வாயை மூடிக்கொள்கிற அந்தப் புறங்கை, அதன் நரம்புகூட நினைவிருக்கிறது. கைக்குப் பின்னால் இருந்த வாய் வரவில்லை. பல் மேல் பல் இடது பக்கமா, வலது பக்கமா? ஐந்தாறு வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியவில்லை.

இப்படியே வருஷங்கள் போய்விட்டன. காம்பவுண்டுச் சுவர்களில் இருந்த சினிமாக்காரி படங்களும் கிழிந்தும் வெள்ளையடிப்பிலும் போய்விட்டன. நீ வந்து "சினிமாவுல நடிச்சாங்களா" என்று கேட்ட மறு ஞாயிறு நான் முகத்துவாரக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். உங்களிடம் ஒரு வேலை என்று சொல்லிவிட்டுப் போனேனே, அன்று. உண்மையைத் தெரிந்தவள் உலகத்தில் பெரியம்மா ஒருத்திதான். அவளிடம் கேட்டு, அவள் சொல்லச் சொல்ல வரைந்துவிடலாம் என்று பையில் தாளும் மையும் எடுத்துப் போயிருந்தேன்.

அவள் வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். காக்கையை விரட்டிக்கொண்டே, "இன்னா தம்பி, வழி தெரிஞ்சிச்சா இன்னிக்கி? பொண்ணுங்க சொகமா?" என்றாள். மோர் கொடுத்தாள். நான் நேராகக் கேட்டேன்.

"அக்கா, அவ மூக்கு எப்டி இருக்கும்?"

"யாரு மூக்கு?"

"உன் தங்கச்சி மூக்கு. நான் வரைஞ்சது அவ மூக்கு இல்லன்னு அன்னிக்கி நீ சொன்னியே."

"நானா சொன்னேன்?" அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் போட்டுக்கொடுத்த படம் அங்கே மாட்டியிருந்தது. பொட்டு வைத்து வைத்துத் தாள் நெற்றியில் சிவப்பாக ஊறியிருந்தது. "அப்ப நான் அழுதுகினு கீறப்ப இன்னா சொன்னனோ. அதான் கீதே அவ மூஞ்சி. அதே மூக்குதான்."

"இல்லக்கா. நல்லா ரோசன பண்ணிப் பாரு. சின்ன வயசுல ஒண்ணா தூங்கனீங்க, ஒண்ணா வளந்தீங்க. அவளுக்கு நெத்தியில முடி சுருண்டு வுழுமா?"

"வுழுமே. நான்தான் எண்ண வெச்சி வாரிவுடுவேன், நிக்காது." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனுக்கு இன்னா ஆச்சி தம்பி? தெனம் காலீல எந்திரிச்சி அவகிட்டதான் பேசிகினுகீறேன். எனுக்குத் தெரியாதா என் தங்கச்சிய?"

நான் பையைத் திறக்கவே இல்லை. அது யாருடைய முகம் என்று அவளிடம் சொல்லி என்ன செய்வது? தினம் பேசிக்கொண்டிருக்கிறாள். மோரைக் குடித்துவிட்டு, கருவாடு கட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றுதான் புரிந்தது. உங்கள் அம்மாவின் முகத்தை வைத்திருந்த கடைசி ஆளிடமிருந்தும் அதை நான் எடுத்துவிட்டேன்.

சின்னவளே, இந்த வாரம் உன் பள்ளிக்கூடத்துத் தோழிகள் ஐந்தாறு பேரை நீ வீட்டுக்குக் கூட்டி வந்தாய். அவர்கள் சுவர் அருகே நின்று பார்த்து, "ஆமாண்டி, மெய்யாலுமே அவங்கதான்!" என்றார்கள். நீ கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாய். அவர்கள் போன பிறகு நான் உன்னை உட்காரவைத்துச் சொன்னேன். இங்கே எழுதியிருக்கிறதை எல்லாம் சொல்லவில்லை, நாலே வார்த்தை. அது அம்மா இல்லை, சினிமாக்காரி, நான் தப்பாக வரைந்துவிட்டேன் என்றேன்.

"பொய்யி" என்றாய்.

"இல்லம்மா, நெசமாத்தான்."

"அப்ப எங்கம்மா எப்டி இருப்பாங்க? சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். கருப்பா இருப்பாங்க என்றேன். அப்புறம்? எண்ணெய் வைத்து வாரியிருப்பாங்க. அப்புறம்? எனக்கு வரவில்லை. நீ காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், அதில் ஏதாவது இருக்குமா என்று தேடினேன். எனக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை.

நீ எழுந்து உன் அக்காவிடம் போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது. "நைனாவுக்கு அம்மாவப் புடிக்காது போலகீது. அம்மா மூஞ்சிகூடத் தெரியலியாம்."

பெரியவளே, நீ அவளை அதட்டினாய். அதட்டியிருக்கவேண்டாம். நான் ஏழு தடவை போய்ப் பார்த்தது யாரை, ஒரு தடவைகூட உட்காரவைத்துப் பார்க்காமல் விட்டது யாரை என்று நினைத்தால், அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. படத்தைக் கழற்றச் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் மாட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.